அரைக் கிலோ குதிரை

என் சகலன் பரமேஸ்வரனிடம் அரைக் கிலோ குதிரை இருந்தது.

இதை நான் எரிச்சலில் சொல்லவில்லை, கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறேன். மெல்பேணில் பந்தயம் ஓடும் அந்தக் குதிரையின் நிறை ஐந்நூறு கிலோ. அதை ஆயிரம் பங்காக்கி, ஒரு ஆளுக்கு ஒரு பங்கு என்று உலகம் முழுக்க விற்றிருந்தார்கள். அதில் ஒரு பங்கு லண்டன் ஹரோவில் இருக்கும் பரமேஸ் அண்ணையுடையது. ஐந்நூறை ஆயிரத்தால் பிரித்துப் பாருங்கள். அவ்வளவு இறைச்சியை எங்கள் கடைக்காரர் ஒரு சின்னப் பையில் போட்டு முடிச்சுப் போட்டுத் தந்துவிடுவார்.

சரி, எரிச்சலிலும்தான் சொல்கிறேன்.

பரமேஸ் அண்ணை என் மனைவி நகுலேஸ்வரியின் அக்கா சிவமலரைக் கட்டியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து, சோபாவில் சாய்ந்து, "என்ர குதிரை வெள்ளிக்கிழமை காலமை நல்லா ஓடியிருக்கு" என்பார். உடனே நகுலேஸ் கேட்காமலே இரண்டாவது தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள். நான் ஷிப்ட் முடிந்து வந்தால் தண்ணி கொதிக்கவைக்கிற கேத்தல் எங்கே இருக்கிறது என்ற தகவல் மட்டும் கிடைக்கும்.

நான் ஆர்ச்வேயில் இருந்து பஸ் ஓட்டுகிறேன். பன்னிரண்டு தொன் பஸ், இரண்டு மாடி, சிவப்பு. பத்தொன்பது வருடமாக ஓட்டியும் அதன் ஒரு ஆணியைக்கூட என்னுடையது என்று சொல்ல முடியாது. அவரோ உலகத்தின் அடுத்த பக்கத்தில் நிற்கிற, ஒருநாளும் கண்ணால் காணாத குதிரையை "என்ர குதிரை" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. நகுலேசுக்கு முன்னால் ஒரே ஒருதரம் "என்ர குதிரை" என்று சொல்லவேண்டும், அதற்குப் பிறகு எது நடந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். என் நாற்பத்தொன்பது வயதில் எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

ஹரோவில் பரமேஸ் அண்ணையைப்போல ஆளுக்கொரு பங்கு வாங்கிய தமிழர் பதினொரு பேர் இருந்தார்கள். எல்லாமாக ஐந்தரைக் கிலோ. ஐந்தரைக் கிலோவைச் சும்மா விட முடியுமா? அதற்கு ஒரு பேரவை தொடங்கினார்கள். தலைவர், இரண்டு உபதலைவர், செயலாளர், உபசெயலாளர், பொருளாளர், போசகர், மூன்று ஆலோசகர் என்று பத்துப் பேருக்குப் பதவி கிடைத்தது. மிஞ்சியது பரமேஸ் அண்ணை. அவர் வெறும் உறுப்பினர். "பேரவையில உறுப்பினர் எண்டால் நான் ஒராள்தான்" என்று அதையும் அவர் பெருமையாகத்தான் சொன்னார்.

தலைவர் அருளம்பலம் கவுன்சிலில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலச் சொல் ஒன்றும் பேரவைக்குள் நுழையக்கூடாது என்பது அவருடைய முதல் கட்டளை. குதிரையின் பெயரோ கோல்டன் கெற்றில். அதைப் 'பொற்கேத்தல்' என்று தமிழாக்கினார்கள். கேத்தல் தமிழா இல்லையா என்று இரண்டு கூட்டம் நடந்தது. கடைசியில் 'பொற்குடம்' என்று வைத்தார்கள். மெல்பேணில் யாரும் இதைக் குதிரைக்கு அறிவிக்கவில்லை.

அடுத்த தகராறு 'ஓனர்' என்ற சொல்லில் வந்தது. 'உரிமையாளர்' என்று போடலாம் என்று ஒருவர் சொல்ல, தலைவர் எழும்பினார். "உரிமையாளர் எண்டது நோட்டீசில வாற சொல்லு. எங்கட சனத்தின்ர வாயில வாறது சொந்தக்காரர்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். 'ஐக்கிய இராச்சியத் தமிழ்க் குதிரைச் சொந்தக்காரர் பேரவை' என்று பதாகை அடித்தார்கள். எங்கள் ஆட்களிடம் சொந்தக்காரர் என்றால் இனசனம் என்றும் அர்த்தம் இருக்கிறது என்பது அந்தப் பதினொரு பேரில் ஒருவருக்கும் தட்டுப்படவில்லை. நான் பேரவைக்குள் நுழைந்த ஓட்டை அதுதான்.

பங்கு எல்லாம் விற்று முடிந்துவிட்டது, எனக்கு ஒரு கால்கிலோவும் மிச்சமில்லை. இருந்தாலும் விண்ணப்பப் படிவம் ஒன்று வாங்கி நிரப்பினேன். செயலாளர் இம்மாகுலேற் ரீச்சர், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்கு இலக்கணம் படிப்பிக்கிறவர், தயாரித்த படிவம் அது. நாலாவது கேள்வி: 'குதிரைக்கும் விண்ணப்பதாரிக்கும் என்ன சொந்தம்?' எத்தனை பங்கு வைத்திருக்கிறாய் என்று கேட்கத்தான் ரீச்சர் அப்படி எழுதியிருக்கிறார். எனக்கு அது விளங்கவில்லை. நான் நெடுநேரம் யோசித்து, 'குதிரை என் சகலனுடையது' என்று உண்மையை எழுதினேன்.

ரீச்சர் படிவத்தைக் கண்ணாடி போட்டு வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"பரமேஸ்வரன்ர மனிசி உங்கட மனிசிக்கு அக்காவோ, தங்கச்சியோ?"

"அக்கா, ரீச்சர்."

"அப்ப நீங்கள் குதிரைக்குச் சித்தப்பா முறை."

அந்த முறையைப் படிவத்தின் ஓரத்தில் அவரே எழுதிக் கையெழுத்தும் வைத்தார். நிரப்பிய படிவத்தை நிராகரிக்கப் பேரவையின் யாப்பில், அதாவது சட்டவிதிகளில், இடமில்லையாம். அவசரக் கூட்டம் வைத்து இரண்டு பிரிவு உண்டாக்கினார்கள். 'அ' பிரிவு, உரிமைச் சொந்தக்காரர், பதினொரு பேர். 'ஆ' பிரிவு, உறவுச் சொந்தக்காரர், நான். 'அ' பிரிவினர் நெஞ்சில் குத்திய சட்டைப்பட்டையில் முழுக்குதிரை இருந்தது. என்னுடையதில் குதிரையின் பின்பாதி மட்டும். நான் கடைசி வரிசையில் இருக்கலாம், கைதட்டலாம். 'என்ர குதிரை' என்று சொல்லக்கூடாது. 'எங்கட குதிரை' என்று சொல்வதென்றால் ஒரு கிழமைக்கு முன்னம் எழுத்தில் அனுமதி கேட்கவேண்டும்.

பின்பாதியைக் குத்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நகுலேஸ் அதை உற்றுப் பார்த்தாள். "அத்தான்ரயில முகம் இருந்ததே" என்று மட்டும் சொன்னாள்.

செப்டம்பரில் மெல்பேணில் வசந்தகாலப் பந்தயங்கள் தொடங்கின. நவம்பர் முதல் சனிக்கிழமை பொற்குடம் ஒரு பெரிய கோப்பைக்கு ஓடுவதாக அறிவித்தல் வந்தது. அன்று முதல் பேரவையும் வசந்தகாலத்துக்கு மாறியது. 'பேரவையின் காலநிலை மெல்பேண் காலநிலையே' என்று தீர்மானம். அதன்படி கூட்டத்துக்குக் கோட், ஜம்பர், மப்ளர் ஒன்றும் போட்டு வர ஏலாது. ஹரோவில் மழையும் குளிரும் ஆட்களைப் பிழிந்துகொண்டிருந்த ஒக்டோபரில், வாசலில் கோட்டைக் கழற்றிக் குவித்துவிட்டு, பூப்போட்ட அரைக்கைச் சட்டையோடு குடும்பம் குடும்பமாக உள்ளே இருந்தோம். சிவமலர் அக்கா இறகு வைத்த தொப்பியோடு வந்தார். அக்காவின் பல்லுக் கிட்டித்தது. நகுலேஸ் அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கூட்டத்தில் தலைவர் ஆற்றிய உரை எனக்கு இன்னும் பாடம். "சிலபேர் கேக்கினம், ஆயிரத்தில பதினொண்டை வைச்சுக்கொண்டு உங்களுக்கு என்ன அதிகாரம் எண்டு. நான் முப்பது வருசம் கவுன்சிலில இருந்தனான். சொல்லுறன் கேளுங்கோ. அதிகாரத்துக்கும் கையில இருக்கிற சாமானுக்கும் ஒரு தொடர்பும் இல்லை." பலத்த கரகோஷம். உபதலைவர்கள் இருவரும் கண்ணைத் துடைத்தார்கள், குளிராகவும் இருக்கலாம்.

பந்தயத்துக்கு முதல் வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோயிலில் குதிரைக்கு அருச்சனை. ஐயர் பெயர் கேட்டார், பொற்குடம் என்றார்கள். நட்சத்திரம் கேட்டார். தலைவர் காகிதக் கோவையைத் திறந்து பிறந்த திகதியைக் காட்டினார்: 2017 ஆகஸ்ட் முதலாம் திகதி. ஐயர் போனில் பஞ்சாங்கம் பார்த்து, "விசாகம்" என்றார். முருகனுக்கே உரிய நட்சத்திரம். பேரவைக்கு மெய்சிலிர்த்தது. போசகர் அந்த இடத்திலேயே விழுந்து கும்பிட்டார். தட்டை அருச்சனைக்குக் கொடுக்கும்போது 'அ' பிரிவு பதினொரு பேரும் அதில் ஆளுக்கொரு விரல் வைத்தார்கள். நான் பின்னால் நின்று பரமேஸ் அண்ணையின் முதுகைத் தொட்டுக்கொண்டு கும்பிட்டேன். முருகா, குதிரை வெல்லட்டும் என்று வாய் சொன்னது. மனம் என்ன சொன்னது என்று முருகனுக்குத் தெரியும்.

பந்தயம் லண்டன் நேரப்படி சனி விடியற்காலையில் வந்தது. அது சொந்தக்காரரின் கௌரவத்துக்குப் பொருத்தமான நேரம் இல்லை என்று பேரவை முடிவெடுத்தது. ஆகவே பந்தயத்தை ஞாயிறு பதினொரு மணிக்கு ஹரோ மண்டபத்தில் திரையில் ஓடவிடுவதென்றும், அதுவரை அது நடக்காததாகக் கருதப்படும் என்றும் தீர்மானம். யாரும் போனைப் பார்ப்பதில்லை என்று தேங்காய் உடைத்துச் சத்தியம் செய்தோம்.

சனி காலை பஸ்ஸைத் தரிப்பில் விட்டுவிட்டு நான் போனைப் பார்த்தேன். பதினான்கு குதிரை ஓடியது. பொற்குடம் பதினான்காவது.

என்ன சந்தோசம் தெரியுமா? வெட்கக்கேடுதான், ஆனால் உள்ளது உள்ளபடி சொல்கிறேன். ஹைகேற் மலையில் பஸ்ஸை ஏற்றும்போது எனக்குப் பாட்டு வந்தது. மேலே போய்த் திரும்பி இறங்கும்போதுதான் பிரச்சினை தொடங்கியது. பதினான்காவதாக வந்த அந்தச் சீவன் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பது கண்ணுக்குள் வந்தது. அதற்கு என் சகலனையும் தெரியாது, என் எரிச்சலையும் தெரியாது. நான் பாட்டை நிறுத்தினேன்.

ஞாயிறு மண்டபத்துக்குப் போனபோது நிகழ்ச்சிநிரல் ஒன்றைக் கையில் தந்தார்கள். ஆறாவது விடயம்: 'தலைவரின் வெற்றி உரை / தோல்வி உரை (பொருந்தாததை வெட்டிவிடவும்).' நாற்பது பிரதியிலும் 'வெற்றி உரை' என்பதை ரீச்சர் அடிமட்டம் வைத்து நேர்கோடாக ஏற்கெனவே வெட்டியிருந்தார். எல்லோரும் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தோம். விளக்கை அணைத்தார்கள், பந்தயம் ஓடியது. முப்பது மணித்தியாலத்துக்கு முன்னம் தோற்ற குதிரையை, தோற்றது தெரிந்த அத்தனை பேரும் எழும்பி நின்று, "ஓடு ராசா, ஓடு" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். பொருளாளர் சாமியைக் கூப்பிட்டார். பரமேஸ் அண்ணை கதிரையில் ஏறி நின்றார். கடைசியாக வந்ததும் எல்லோரும் சேர்ந்து திடுக்கிட்டார்கள்.

தலைவர் தோல்வி உரையைத் தட்டச்சுப் பிரதியில் இருந்து வாசித்தார். அருச்சனை பலித்துத்தான் இருக்கிறது என்றார். தென் அரைக்கோளத்தில் எந்தப் பந்தயக் குதிரை எப்போது பிறந்தாலும் பிறந்தநாளை ஆகஸ்ட் முதலாம் திகதி என்றே பதிவார்களாம். அன்றைக்கு ஓடிய பதினான்கில் ஆறு குதிரைக்கு ஏழு வயது. ஆறும் விசாகம். முதலாவதாக வந்ததும் அந்த ஆறில் ஒன்று. "பேரவையின்ர அருச்சனை வெண்டிட்டுது, விலாசம்தான் மாறிப்போச்சு" என்றார். "நாங்கள் வெண்டாலும் கூட்டம் வைப்பம், தோத்தாலும் வைப்பம். உண்மையைச் சொன்னால், குதிரை இல்லாட்டியும் வைப்பம்."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஏழாவது விடயம் 'நாவூறு விசாரணை.' பதினேழாயிரம் கிலோமீற்றர் தாண்டிப் போய் ஒரு குதிரையில் நாவூறு படுவதென்றால் அது வெளியாளின் கண்ணாக இருக்க ஏலாது, இனசனத்துக்குள் இருந்துதான் போயிருக்கவேண்டும் என்று உபதலைவர் விளக்கினார். எல்லோரும் 'ஆ' பிரிவைத் திரும்பிப் பார்த்தார்கள். 'ஆ' பிரிவில் நான் ஒருவன்தான் இருந்தேன், அரைக்கைச் சட்டையோடு, மூக்கு ஒழுக.

நான் எழும்பினேன். இவ்வளவு காலம் உள்ளுக்குள் வைத்திருந்தது குளிரில் தானாக வெளியே வந்துவிட்டது.

"ஓம். எனக்குப் பொறாமைதான்" என்றேன். "ஆனால் குதிரையில இல்லை. பரமேஸ் அண்ணையில. அவர் 'என்ர குதிரை' எண்டு சொல்லுறதை என்னால கேக்க ஏலாமல் கிடக்கு. குதிரை பாவம். அது ஏலுமான அளவுக்கு ஓடினது."

நகுலேஸ் குனிந்து தன் கைப்பையைப் பார்த்தாள். ரீச்சர் ஒரு சொல் விடாமல் குறிப்பேட்டில் பதிந்தார். பரமேஸ் அண்ணைக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவருடைய முகம் கலியாண வீட்டு மாப்பிள்ளையின் முகம்போல மலர்ந்து கிடந்தது. குதிரை வாங்கியதற்கு அவருக்குக் கிடைத்த ஒரே பரிசு நான் சொன்ன அந்தச் சொல்தான்.

டிசம்பரில் மெல்பேணில் இருந்து கடிதம் வந்தது. பொற்குடம் இனி ஓடாது. பங்குக்காரர்களில் யாராவது முழுக்குதிரையையும் பொறுப்பெடுத்து, ஒரு பண்ணையில் விட்டுச் சாகும்வரை பராமரிக்க முன்வருவீர்களா என்று கேட்டிருந்தார்கள். ஒருவரும் வராவிட்டால் குதிரை என்ன ஆகும் என்று எழுதவில்லை. எழுதாமல் விட்டதே போதுமான பதிலாக இருந்தது.

பேரவை கூடியது. சொந்தக்காரர் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பதை அன்றுதான் தலைவர் கண்டுபிடித்தார். "உரிமை எண்டது ஓடுற குதிரைக்கு" என்றார். "நிக்கிற குதிரைக்கு உறவுதான் பொறுப்பு. உரிமையைக் கை கழுவலாம். உறவைக் கழுவ ஏலுமே?" பதினொரு பேரும் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்து வைத்தார்கள். முதல் கையெழுத்துப் பரமேஸ் அண்ணையுடையது. பேனை எழுதவில்லை என்று உதறி உதறி வைத்தார்.

அன்று பின்னேரமே ரீச்சர் மெல்பேணுக்கு எழுதினார்: குதிரைக்கு இங்கே சொந்தக்காரர் இல்லை, ஆனால் லண்டனில் ஒரு சித்தப்பா இருக்கிறார். அங்கே அதை எப்படி விளங்கிக்கொண்டார்களோ தெரியாது. பங்குக்காரர் மற்ற எல்லோரும் சந்தோசமாக விலகிவிட்டார்கள் என்றும், குதிரைக்கு ஒரு குடும்பம் கிடைத்ததில் எல்லோருக்கும் மனநிறைவு என்றும் பதில் வந்தது. கூடவே ஒரு பத்திரம். உரிமையாளர் என்று என் பெயர்: நவரத்தினம். பங்கு: ஆயிரத்தில் ஆயிரம்.

நகுலேஸ் பத்திரத்தை இரண்டுதரம் வாசித்தாள். "குதிரை கீழ தள்ளினதுமில்லாமல் குழியும் பறிச்ச கதையாக் கிடக்கு" என்றாள். "அவை ஓடேக்க ஏறி இருந்தவை, இப்ப உங்கட தலையில கட்டுகினம். இன்னும் எத்தினை வருசம் இருக்கும் இது?"

"இருபது வருசம் இருக்கும்."

"உங்களுக்கு என்ன விசரே?"

விசர்தான். ஞாயிறு ஷிப்டும் எடுக்கவேண்டும், இந்த வயதில். அது எல்லாம் தெரிந்துதான் குசினி மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு அவளைப் பார்த்துச் சொன்னேன்: "என்ர குதிரை." நான் நினைத்த அளவுக்குச் சத்தமாக வரவில்லை.

அவள் எழும்பிப் போனாள். கேத்தலைப் போட்டாள். ஆனால் அடுத்தநாள் படியில் இறங்கும்போது அவள் போனில் சிவமலர் அக்காவோடு பேசுவது கேட்டது. "எங்கட குதிரையோ? அது இப்ப ஓடுறேல்லை அக்கா. அதுக்கு இனி ஓட வேண்டிய தேவை இல்லை."

ஜனவரியில் பண்ணையில் இருந்து படம் வந்தது. பொற்குடம் வயிறு தள்ளி, வெயிலில் நின்று புல் தின்கிறது. கொட்டில் கதவில் என் பெயரை ஆங்கிலத்தில் ஒரு பலகையில் எழுதி அடித்திருந்தார்கள். நகுலேஸ் அதைப் பெரிதாக்கி முன்னறைச் சுவரில் கொழுவினாள். இப்போது ஐந்நூற்று நாற்பது கிலோ என்று எழுதியிருந்தார்கள். இவ்வளவும் என்னுடையது.

அடுத்த ஞாயிறு நான் ஷிப்ட் முடிந்து வர, மழைக்குள் பரமேஸ் அண்ணை வந்தார். நனைந்த கோட்டோடு வாசலில் நின்று, உள்ளே இருந்த படத்தை எட்டிப் பார்த்தார். பலகையில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார். அந்தக் கண்ணை எனக்குத் தெரியும். ஒரு வருடமாகக் கண்ணாடியில் பார்த்த கண்.

"நவம், உமக்குத் தெரியாதே, நான் அவசரப்பட்டிட்டன்" என்றார். "என்ர குதிரை கொழுத்துத்தான் போச்சு."

நான் உள்ளே போய் மேசை லாச்சியைத் திறந்தேன். ரீச்சரிடம் வாங்கிய படிவத்தில் பிரதி ஒன்று இருந்தது. அதையும் பேனையையும் கொண்டுவந்து கொடுத்து, நாலாவது கேள்வியில் விரலை வைத்தேன்.

"குதிரைக்கும் உங்களுக்கும் என்ன சொந்தம், அண்ணை?"

அவர் சுவரில் படிவத்தை வைத்து, நெடுநேரம் யோசித்தார். பிறகு 'பெரியப்பா' என்று எழுதினார். படிவம் சரியாகத்தான் இருந்தது. நிராகரிக்க யாப்பில் இடமில்லை. மேசையில் இருந்த பின்பாதிச் சட்டைப்பட்டையை எடுத்து அவருடைய கையில் கொடுத்தேன்.

"கோட்டைக் கழட்டி வெளியில வைச்சிட்டு உள்ள வாங்கோ" என்றேன். "மெல்பேணில இப்ப நல்ல வெய்யில்."